மொட்டை மாடி வானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, விமானங்கள் தாழ்ந்து பறக்கும் ஒரு புறநகரில் எங்கள் வீடு. நான் படித்தது வணிகவியல். வானியலில் பட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் பதினோரு வருடமாக மாடியில் பாய் விரித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்துவிட்டால் என் தொண்டைக்கு நல்லது என்று தோன்றியது.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். பாய், தலையணை, கொசுவுக்கு ஏதாவது ஒரு களிம்பு. நட்சத்திர வரைபடம் வேண்டுமே என்றால், அது ஏற்கெனவே உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தினம் ஒரு தாள் கிழிக்கிறீர்களே, அந்தக் காலண்டர்தான்.

காலண்டரா? அது ராகு காலம் பார்ப்பதற்குத்தானே?

அதற்கும்தான். ஆனால் அந்தத் தாளில் "ரோகிணி மாலை 6.12 வரை, பின்பு மிருகசீரிடம்" என்று ஒரு வரி இருக்கும். நாமெல்லாம் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போகிற வரி. நிலா இன்றைக்கு வானத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கான முகவரி அது.

நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வர ஏறக்குறைய 27.3 நாள் ஆகிறது. அந்த வட்டத்தை 27 பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் அங்கேயுள்ள ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். ஒரு பங்கு 13 பாகைக்குக் கொஞ்சம் அதிகம். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் அகலம் சுமார் 10 பாகை. ஆக, நிலா ஒரு நாளைக்கு ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கிழக்கே நகர்கிறது. நேற்று ஒன்பது மணிக்கு எந்தத் தென்னைமரத்துக்கு மேலே இருந்தது, இன்று அதே மணிக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பரிசோதிக்க கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை ஆகிய நான்கு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் ரோகிணி என்று போட்டிருக்கும் இரவில் நிலாவுக்குப் பக்கத்தில், சுமார் ஒரு முஷ்டி தூரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் மின்னும். அதுதான் ரோகிணி, மேற்கத்தியப் பெயர் ஆல்டெபரான். சித்திரை என்றால் வெள்ளையாக ஒன்று நிற்கும், அது ஸ்பைக்கா. எல்லா நட்சத்திரத்துக்கும் இது பொருந்தாது. சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதைக்கு வெகு வடக்கே இருப்பவை. அந்த நாட்களில் நிலாவை ஒட்டித் தேடினால் ஏமாறுவீர்கள்.

திருவிழாக்களும் இதே கணக்குதான். சித்ரா பௌர்ணமியில் முழுநிலவு சித்திரை நட்சத்திரத்தின் அருகே, மாசி மகத்தில் மகத்தின் அருகே, தைப்பூசத்தில் பூசத்தின் அருகே. திருக்கார்த்திகை அன்று அகல் ஏற்றிவிட்டுக் கிழக்கே பாருங்கள். மழைமேகம் விட்டால் நிலாவும் கார்த்திகைக் கூட்டமும் சேர்ந்து ஏறி வருவது தெரியும். நிலா வெளிச்சத்தில் அந்தக் கூட்டம் மங்கித்தான் இருக்கும்.

அப்படியென்றால் இது ஜோதிடம்தானே?

இல்லை. நிலா எங்கே நிற்கிறது என்பது வானியல். அது அங்கே நிற்பதால் உங்கள் மருமகனுக்கு வேலை கிடைக்குமா என்பது ஜோதிடம். மாடியில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

என் ஜன்ம நட்சத்திரத்தைப் பார்க்க முடியுமா?

எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். சொந்தமாக ஒரு நட்சத்திரம் வைத்திருக்கும் ஊரில் அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் வாழ்ந்துவிடுகிறோம்.

திருவாதிரைக்காரர்களுக்கு யோகம். ஜனவரி இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தாலே போதும். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும் ஓரியன் (வேட்டைக்காரன்) கூட்டத்தில், அந்த மூன்றுக்கும் வடக்கே செக்கச்சிவந்து இருப்பது திருவாதிரை. அந்த உருவத்தின் தலைப்பகுதியில் மங்கலாக இருக்கும் சிறு முக்கோணம் மிருகசீரிடம். அருகருகே சம வெளிச்சத்தில் நிற்கும் இரட்டையர் புனர்பூசம். மகம், சித்திரை, சுவாதி மூன்றும் ஏப்ரல், மே மாலைகளில் நகரத்திலும் பளிச்சென்று தெரியும். அஸ்தம் என்பது சித்திரைக்குப் பக்கத்தில் சாய்ந்த நாற்கரமாக இருக்கும் காகம் கூட்டம். உள்ளங்கை மாதிரி என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தேளின் நெஞ்சில் சிவப்பாக எரிவது கேட்டை, அதன் கொடுக்கு மூலம். "பெண் மூலம்" என்று ஜாதகத்தை மூடி வைக்கிறவர்கள் ஒருமுறை ஜூலை மாலையில் அந்தக் கொடுக்கைப் பார்க்க வேண்டும். வானத்திலேயே அழகான வளைவு அது.

பூசம், ஆயில்யம், பரணி, ரேவதிக்காரர்கள் என்னைத் திட்டக்கூடாது. அவை மங்கல். ஊருக்கு வெளியே போனால்தான் தெரியும். பூசத்துக்கு மட்டும் ஒரு ஆறுதல் உண்டு: பைனாகுலரில் பார்த்தால் அங்கே தேன்கூடு மாதிரி ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கிறது.

நகரத்தில் நட்சத்திரமே தெரிவதில்லையே?

தெரியும், ஆனால் கொஞ்சம்தான். இருண்ட கிராமத்தில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் வரை பார்க்கலாம் என்பார்கள். எங்கள் மாடியில் நல்ல நாளில் நாற்பது, ஐம்பது எண்ணியிருக்கிறேன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் கூடக் கூட ஒளி குறையும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. 1856-இல் அந்தக் கணக்கை வகுத்த நார்மன் போக்சன் 1861-இல் சென்னைக்கு வந்து, 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை நடத்தினார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். ஆமாம், நுங்கம்பாக்கத்திலிருந்து! இன்றைக்கு அங்கே நின்றால் மூன்றாம் மேக்னிட்யூட் நட்சத்திரமே தடுமாறும்.

நம் கையில் இருப்பது ஒன்றுதான்: கண்ணை இருட்டுக்குப் பழக்குவது. அதற்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு வாட்ஸப் செய்தியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தெருவிளக்கை நேராகப் பார்க்காதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயைப் போடுங்கள். எங்கள் வீட்டின் ஆகச்சிறந்த வானியல் கருவி அந்தத் தொட்டிதான். மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணின் ஓரப்பகுதிக்குத்தான் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன் அதிகம்.

எந்த மாதம் நல்லது?

தமிழ்நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தூசெல்லாம் கழுவப்பட்ட வானம். போகிப் பண்டிகையின் புகை மட்டும் இரண்டு நாளைக் கெடுக்கும். தீபாவளி அமாவாசையையொட்டி வருகிறதே என்று ஆசைப்படாதீர்கள், மழையும் பட்டாசுப் புகையும் சேர்ந்து ஒன்றையும் காட்டாது. மே மாதம் வானம் தெளிவுதான். ஆனால் பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் இரவு பத்து மணிவரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றின் வழியாக டெலஸ்கோப்பில் பார்த்தால் வியாழன், கொதிக்கிற சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயம் மாதிரி ஆடும். சாயங்காலமே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவைத்தால் கொஞ்சம் தேவலை.

தெற்கே இருப்பதில் ஏதாவது லாபம் உண்டா?

நிறைய உண்டு. இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். உயரத்தில் மிகப் பிரகாசமான சிரியஸ். அதற்கு நேர் கீழே, சென்னையில் தொடுவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், அடுத்த பிரகாசமான நட்சத்திரம். அதுதான் அகத்தியர், மேற்கே கனோபஸ் என்பார்கள். முனிவர் தெற்கே வந்து தங்கிய கதைக்குப் பொருத்தமாகத் தெற்கிலேயே குந்தியிருப்பார். லண்டனில் இருப்பவர்களுக்கு இந்த நட்சத்திரம் உதிப்பதே இல்லை.

மே கடைசியில் அதே தெற்கில் சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரம், திரிசங்கு. ஆஸ்திரேலியாக் கொடியில் இருக்கிறதே, அதேதான். அதற்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். சிலுவையிலிருந்து தள்ளியிருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம், நான்கு ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தூரம். அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரமும் இருக்கும். உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்: சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. ஒரே இரவில், ஒரே மாடியிலிருந்து, துருவனும் திரிசங்கும். உலகில் பலருக்கு இது வாய்ப்பதில்லை.

பைனாகுலர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில், மேகம் விடும் இரவில், சித்திரைக்கு நேர் தெற்கே மூன்றரை முஷ்டி கீழே தேடிப் பாருங்கள். பஞ்சுப் பொட்டு மாதிரி ஒன்று படும். ஒமேகா சென்டாரி, பல லட்சம் நட்சத்திரங்களின் உருண்டை.

கோள் எது, நட்சத்திரம் எது?

மினுக்கினால் நட்சத்திரம், அசையாமல் எரிந்தால் கோள். தொடுவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் மினுக்கும், அவசரப்படாதீர்கள். கண்ணைக் கூசும் வெளிச்சத்தோடு அந்தியிலோ விடியலிலோ நின்றால் அநேகமாக வெள்ளி. விடிவெள்ளி, அந்திவெள்ளி இரண்டும் ஒன்றுதான்.

சத்தமில்லாமல் நகர்ந்து போகும் ஒளி என்ன?

சிவப்பு, பச்சை விளக்கு கண்ணடித்தால் விமானம். ஒரே சீராகப் போனால் செயற்கைக்கோள். மிகப் பிரகாசமாக நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நடுவானத்தில் திடீரென்று அணைந்தால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. ரயில் மாதிரி வரிசையாகப் புள்ளிகள் போனால் அது புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

பைனாகுலரா, டெலஸ்கோப்பா?

முதலில் பைனாகுலர், 10×50 அல்லது 7×50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலாக்கள், கார்த்திகைக் கூட்டம், ஓரியனின் வாளில் உள்ள நெபுலா என்ற வாயுமேகம் எல்லாம் இதிலேயே தெரியும். கைநடுக்கத்துக்கு மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கார்த்திகையை வெறுங்கண்ணால் ஆறு என்று எண்ணி "அறுமீன்" என்றார்கள். பைனாகுலரில் பார்த்த என் மாமியார், "ஆறுமுகனுக்கு இத்தனை முகமா!" என்றார்.

டெலஸ்கோப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதலில் வாங்கியதன் பெட்டியில் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடியின் விட்டம் 70 மில்லிமீட்டர். ஒரு டெலஸ்கோப்பிலிருந்து உருப்படியாகக் கிடைக்கும் அதிகபட்சப் பெருக்கம், மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு. அதாவது அதற்கு 140. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரிவது மங்கல் மட்டும்தான். முக்காலியோ கொசு உட்கார்ந்தாலே ஆடும் ரகம். மூன்று மாதத்தில் பரணில் ஏறிவிட்டது.

ஆகவே பெருக்கத்தைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள், பிறகு தாங்கியை. 130 அல்லது 150 மில்லிமீட்டர் கண்ணாடியுடன், பெட்டி மாதிரி தளத்தில் உட்காரும் டாப்சோனியன் வகைதான் என் சிபாரிசு. மாடிப்படி ஏற்றுவது மட்டும் பெரும்பாடு. "ஈக்குவட்டோரியல்" தாங்கி நட்சத்திரங்களின் சுழற்சியைப் பின்தொடரும் என்று விற்பார்கள். அது உண்மை. ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரம் நோக்கி, நம் அட்சரேகைக்குச் சாய்க்க வேண்டும். 8, 10, 13 பாகை என்று இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் பல தாங்கிகளில் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும். வடக்கே ஒரு நான்கு மாடிக் கட்டடம் இருந்தால் துருவ நட்சத்திரமே தெரியாது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

அதில் பார்த்தால் படங்களில் இருப்பது போல் வண்ணமாகத் தெரியுமா?

தெரியாது. நெபுலாக்கள் சாம்பல் நிறப் புகை மாதிரிதான். அந்த வண்ணமெல்லாம் கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தது. ஏமாற்றாத இரண்டு உண்டு: நிலா, சனி. முப்பது மடங்கு பெருக்கத்திலேயே சனியின் வளையம் தெரியும். 2025-இல் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டிக் கோடாக மெலிந்துவிட்டது. இனி வருடா வருடம் விரிந்து 2032 வாக்கில் நன்றாக அகலமாகத் தெரியும்.

நிலாவைப் பௌர்ணமியில்தானே பார்க்க வேண்டும்?

மோசமான நாள் அதுதான். சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையான வெள்ளித்தட்டு. வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் பாருங்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் கரையும் நீண்ட நிழல் போடும். எல்லோரும் அஷ்டமி, நவமி என்றால் ஒதுங்குவார்கள். எங்கள் வீட்டில் அன்றுதான் டெலஸ்கோப் வெளியே வரும். மங்கலானவற்றைத் தேட அமாவாசையை ஒட்டிய நாட்கள். இரண்டும் காலண்டரிலேயே இருக்கிறது.

லென்ஸில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறதே?

பூஞ்சை. கடற்கரை ஊர்களின் சாபம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்திருங்கள், ஜெல் ஈரம் குடித்துவிட்டால் மாற்றுங்கள். பீரோவில் துணியோடு வைக்கவே கூடாது. ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்கு எடுத்துப் போனால் கண்ணாடி முழுக்க வியர்க்கும். அப்போது துடைக்காதீர்கள், மூடியோடு அரைமணி நேரம் வெளியே வைத்தால் தானே சரியாகும்.

எதிர் வீட்டுக்காரர்கள் தப்பாக நினைக்கமாட்டார்களா?

நினைத்தார்கள். முதல் வாரமே அவர்களைக் கூப்பிட்டுச் சனியைக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசல் விளக்கை அவர்களே அணைத்துவைப்பார்கள்.

எரிநட்சத்திரங்களை எப்போது பார்க்கலாம்?

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் பொழிவு. மற்ற பொழிவுகள் பலவும் வால்நட்சத்திரத் தூசியால் வருபவை. இது ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து வருகிறது. புனர்பூச இரட்டையர் பக்கமிருந்து பாய்வதுபோல் தெரியும், அது நமக்கு நன்றாக உயரே ஏறுவதால் வசதி. நம் வில்லன் மழைமேகம்தான். ஆகஸ்டின் பெர்சீட் பொழிவு வடக்கத்தியர்களுக்குத்தான் விசேஷம், இங்கே கொஞ்சம் குறைவு.

கிரகணத்தைப் பார்க்கலாமா? வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார்.

சந்திர கிரகணம் என்பது நிலாமேல் விழும் நம் பூமியின் நிழல். யாரும், எந்த நிலையிலும், வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். வயிற்றிலுள்ள பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது; பட்டினி கிடப்பதுதான் ஆகாது. 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், புத்தாண்டுக்கு விழித்திருப்பவர்களுக்குப் போனஸ்.

சூரிய கிரகணம் வேறு. அதற்கென்று தரச்சான்று பெற்ற கண்ணாடி இல்லாமல் யாரும் பார்க்கக்கூடாது. எக்ஸ்ரே படம், புகைபிடித்த கண்ணாடி, சாணித்தண்ணீர் எதுவும் உதவாது. பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள், இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பிறைச்சூரியனை வரைந்துவைத்திருக்கும். 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் வழியாக வளையக் கிரகணம் போனது. நம் பக்கம் அடுத்து 2031 மே 21-இல் கேரளம், தென்தமிழகம், வட இலங்கை வழியாகப் போகும்.

கல்யாணத்தில் அருந்ததி காட்டினார்களே, எங்களுக்குத் தெரியவில்லையே?

பகல் பத்து மணிக்கு எப்படித் தெரியும்? ஏப்ரல், மே மாலைகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அந்தக் கரண்டியின் கைப்பிடி நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவர் அருந்ததி. இருவருக்கும் உள்ள இடைவெளி முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். திருமண நாளன்று தலையாட்டிவிட்டு வந்த எத்தனையோ தம்பதிகளுக்கு எங்கள் மாடியில் நிஜமாகவே காட்டியிருக்கிறேன். ஒரு தம்பதிக்கு முப்பத்திரண்டு வருடம் தாமதம்.

பால்வெளியைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

ஏலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது மலை. அமாவாசையை ஒட்டி, ஏப்ரல் பின்னிரவில். மூலத்துக்குப் பக்கம்தான் பால்வெளியின் மையம். அது நமக்கு வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறுகிறது. ஐரோப்பாவில் பெரும்பகுதிக்கு அது தொடுவானத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஜவ்வாது மலையின் இருட்டுக்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் அங்கேயுள்ள காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டு, அவர் பெயரே ஆய்வகத்துக்கு வைக்கப்பட்டது. காட்டுப் பகுதியில் இரவில் தங்குவதற்கு வனத்துறை அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். யானைக்கு வானியலில் ஆர்வம் கிடையாது.

பாய் விரித்தாயிற்று, மேகம் மூடிவிட்டது. என்ன செய்வது?

தூங்குங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த மிகச் சிறந்த ஜெமினிட் இரவு விடியற்காலை மூன்று மணிக்கு அப்படித்தான் கிடைத்தது, பனியனோடு, செருப்பில்லாமல்.